வீங்காத பேட்டரி

அத்தியாயம் 9

"நல்லா பாத்துச் சொல்லும்மா. இது உன் தம்பியோட ட்ரோன்தானா?"

இன்ஸ்பெக்டர் டான்சோ மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அந்தக் கரிக்கட்டையை வைத்திருந்தார். நான்கு கைகளில் மூன்று உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான்காவது மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. அதன் முனையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பட்டையாகத் தெரிந்தது.

பிராகோ அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"அவனோடதுதான் சார். அந்த நகப்பூச்சு என்னோடது. ட்ரோன்காரங்க சங்கத்துல பன்னண்டு பேரும் ஒரே மாதிரி ட்ரோன் வச்சிருக்காங்க. மாறிடக் கூடாதுன்னு நான்தான் பூசி விட்டேன்."

"அப்புறம் என்ன? கேஸ் முடிஞ்சுது," என்றார் டான்சோ. "ரெண்டு மணிக்கு கோர்ட்டு. ஒண்ணேகாலுக்கு வேன் கிளம்பும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐந்து.

சனிக்கிழமை விடியற்காலையில் இந்தக் கரிக்கட்டை வானத்திலிருந்து துணிக்கடை வரிசையின் கூரைமேல் விழுந்தது. சாவுத்துணி விற்கும் கடைகள். கறுப்பும் சிவப்புமாக முப்பத்திரண்டு கடைச் சரக்கு சாம்பலானது. உயிர்ச்சேதம் இல்லை, காவல்காரருக்குக் கையில் காயம். அன்று பகலே பிராகோவின் தம்பி அசாரேயைப் பிடித்துவிட்டார்கள். இருபத்தாறு வயது. சாவுச் சடங்கு நடக்கும் இடங்களில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் பிடிப்பது தொழில். கோர்ட்டில் ரிமாண்ட் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், எங்கள் ஊரில் முதலில் காகிதம் தொலையும், அப்புறம் தேதி தொலையும், கடைசியில் ஆளே தொலைந்துபோவான். என் சித்தப்பா மகன் ஒரு கோழிக்காக நாலு வருஷம் உள்ளே கிடந்தான். கோழி அவனுடையதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

குமாசி நகரத்தில் ஒருவன் மாட்டிக்கொண்டால் பெண்டாட்டி அழுவாள், அக்காதான் ஆள் பிடிக்கக் கிளம்புவாள். பிராகோ அப்படித்தான் காலையில் எங்கள் கதவைத் தட்டினாள்.

எங்கள் என்றால் துப்பறியும் நியார்கோ, அப்புறம் நான். என் பெயர் டெடே. அவருக்கு உதவியாளர், ஓட்டுநர், சாப்பாடு வாங்கி வருகிறவள், அவர் மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிறவள், எல்லாம் ஒரே சம்பளத்துக்கு. கடலோரத்து டேஷியில் பிறந்தவள். இங்கே வந்து ஒன்பது வருஷமாகியும் இந்த அசாந்திக்காரர்கள் என்னை மீன்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நியார்கோ மேஜையின் மறுபக்கம் நின்றிருந்தார். பல்குச்சியை மென்றுகொண்டிருந்தார். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளுக்குப் போய், எது நிஜமாக எரிந்தது, எது எரிந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பிரித்து எழுதும் வேலை பார்த்தவர். சாம்பலைக் கண்டால் அவருக்குப் பசி எடுக்கும். இப்போது பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அதாலேயே கரிக்கட்டையின் வயிற்றை மெதுவாகக் கிளறினார்.

"இன்ஸ்பெக்டர், உங்க கணக்குப்படி என்ன நடந்துச்சு?"

"அதான் ஊருக்கே தெரியுமே. அவன் வீட்டு முற்றத்துல வீங்கின பேட்டரியா குவிஞ்சு கிடக்கு. அதுல ஒண்ணை மாட்டிப் பறக்க விட்டிருக்கான். நடுவானத்துல தீப்பிடிச்சு விழுந்துடுச்சு."

"டெடே," என்றார் நியார்கோ. "ஈஸ்டர் முடிஞ்ச வாரம் அந்த நீலப் பாவாடையைப் போட்டுக்கிட்டு வரலியே, ஏன்?"

"பாஸ், இப்ப அது எதுக்கு?"

"ஏன் வரல?"

"கொக்கி மாட்டல. நாலு நாள் ஃபூஃபு உருண்டையா முழுங்கினேன்."

"பாத்தீங்களா இன்ஸ்பெக்டர். வயிறு வீங்கினா கொக்கி மாட்டாது." பல்குச்சியின் நுனி ட்ரோனின் வயிற்றில் இரண்டு சின்ன உலோகப் பற்களைத் தொட்டது. இரண்டும் தங்கள் பள்ளத்தில் கச்சிதமாக விழுந்து பூட்டியிருந்தன. "வீங்கின பேட்டரி இந்தப் பொந்துல பாதிக்கு மேல போகாது. பலவந்தமா அமுக்கினாலும் இந்தப் பல்லு விழாது. இது விழுந்திருக்கு. நடுவானத்துல பேட்டரி தீப்பிடிக்கல. ட்ரோன் விழுந்து நொறுங்கின பிறகுதான் அது எரிஞ்சிருக்கு."

டான்சோ குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ட்ரோன் அசாரேயோடது," என்றார் நியார்கோ. "அவன்கிட்ட இருக்கிறதெல்லாம் வீங்கினதுன்னு நீங்களே சொன்னீங்க. பேட்டரி அவனோடது இல்ல."

பிராகோ என் கையைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. வளையல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.

*

கொட்டடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் அசாரே வெறுங்காலோடு நின்றான். செருப்பு, பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று நாளில் முகம் சுண்டிப் போயிருந்தது.

"சுருக்கமா சொல்லு," என்றார் நியார்கோ. "ஏன் இத்தனை பேட்டரி வீங்கிச்சு?"

"தடையால சார்."

அது எங்களுக்கும் தெரிந்ததுதான். அசாந்தி அரசரின் அரண்மனையில் ஒரு மூத்த அம்மாள் காலமானார். அதனால் ஊருக்குள் வேறு யாருக்கும் சாவுச் சடங்கு நடத்தக் கூடாது, மேளம் கூடாது, கூட்டம் கூடாது என்று தடை போட்டார்கள். தொடர்ந்து ஐந்து சனிக்கிழமை. பிணவறைகள் நிரம்பி வழிந்தன.

"எந்தச் சனிக்கிழமை விடியறப்ப வேணும்னாலும் தடை நீங்கிடலாம்னு எங்க சங்கத் தலைவர் ஒடூரோ சொன்னார் சார். எல்லாரும் வெள்ளிக்கிழமை முழுசா சார்ஜ் போட்டுத் தயாரா வச்சுக்கணும்னார். போட்டோம். தடை நீங்கல. அடுத்த வெள்ளியும் அதே கதை. வாரக்கணக்கா முழு வயித்தோட தகரக் கூரைக்குக் கீழ கிடந்தா அது தாங்குமா? ஒவ்வொருத்தனோடதும் ரொட்டி மாதிரி உப்பிடுச்சு."

"உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"மத்தவங்களுக்கு அதைத் தொடவே பயம். நான் உப்புத் தண்ணில போட்டு மிச்ச உயிரை இறக்கிட்டு, அப்புறம் மணல் டிரம்ல புதைச்சு வைப்பேன். சும்மா உதவிதான் சார். எல்லாரும் என்கிட்ட கொண்டாந்து குடுத்தாங்க. யார் எத்தனை குடுத்தாங்கன்னு சுவத்துல கரியால கோடு போட்டு வச்சிருக்கேன்."

"ட்ரோன் எப்பக் காணாமப் போச்சு?"

"வியாழக்கிழமை சாயங்காலம் அலமாரில இருந்துச்சு. அன்னிக்கு ரெண்டு மூணு பேர் வந்தாங்க. வெள்ளிக்கிழமை பாத்தா இல்ல."

"அன்னிக்கே போலீசுக்குச் சொல்றதுக்கென்ன மடையா?" என்றேன் நான். வாய் சும்மா இருக்காது.

"தடை நேரத்துல ட்ரோன் காணோம்னு சொன்னா என்னக்கா நினைப்பாங்க? நானே திருட்டுத்தனமா பறக்கவிட்டுத் தொலைச்சுட்டேன்னு அரண்மனைல இழுத்து நிறுத்தியிருப்பாங்க. தடை முடியட்டும்னு இருந்தேன்." அவன் நியார்கோவைப் பார்த்தான். "சார், ரிமாண்ட்னா எத்தனை நாள்?"

நியார்கோ கம்பியை விட்டுத் திரும்பினார். வெளியே வந்ததும் வேகமாக நடந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அதுவரை இரண்டே தடவை.

"டெடே, நாம எல்லாரும் வீங்கின பேட்டரியையே பாத்துக்கிட்டிருக்கோம். தப்பு. ஊர்ல இருக்கிற பேட்டரி எல்லாம் ஏன் வீங்கிச்சு?"

"சும்மா கிடந்ததால."

"அப்ப சும்மா கிடக்காதது?"

"வீங்கியிருக்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பறந்து வயித்தைக் காலி பண்ணியிருக்கும்."

"ஒருத்தன் தடையை மீறிப் பறக்க விட்டிருக்கான். ஒரு வாரமில்ல, எல்லா வாரமும். பன்னண்டு பேர்ல எவன் அசாரேகிட்ட வீங்கின பேட்டரி கொண்டு வரலியோ, அவன்தான் நம்ம ஆள். அது அந்தச் சுவத்துல இருக்கு."

டான்சோவை அசைப்பதற்கு நியார்கோ ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அந்த முற்றத்துக்குப் பக்கத்துச் சுவர் பள்ளிக்கூடம், அங்க ஒரு பேட்டரி வெடிச்சா பேப்பர்ல யார் பேர் வரும்?" இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

*

டஃபோவில் அசாரேயின் முற்றம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே கால். பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மாமரத்தடியில் மூன்று பக்கெட் உப்புத் தண்ணீர், வாய் அறுத்த ஒரு இரும்பு டிரம் நிறைய மணல். பக்கெட்டுகளுக்குள் பேட்டரிகள் வயிறு உப்பி மிதந்தன. இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் தூங்கியிருக்கிறான் என்று நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

வீட்டுச் சுவரில் கரியால் பெயர்கள். நாங்கள் நான்கு பேரும் அதன் முன்னால் போய் நின்றோம். பிராகோ ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தாள். முதல் பெயருக்கு நேராக நாலு கோடு. இரண்டாவதுக்கு நாலு. மூன்றாவதுக்கு நாலு. ஏழு, எட்டு, ஒன்பது. பதினொன்றாவது அசாரே, நாலு கோடு. பன்னிரண்டாவது, கடைசி வரி, சங்கத் தலைவர் ஒடூரோ, வியாழக்கிழமை. அதற்கும் நாலு.

"பன்னண்டு பேர், ஆளுக்கு நாலு," டான்சோ நோட்டில் எழுதிக்கொண்டார். "நாப்பத்தெட்டு. எல்லாரோடதும் வீங்கியிருக்கு. இப்ப என்ன சொல்றீங்க, மிஸ்டர் நியார்கோ?"

நியார்கோவின் வாயில் பல்குச்சி அப்படியே நின்றுவிட்டது. அது நிற்பது நல்லதற்கில்லை.

பிராகோ சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, அதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவள், வேண்டிய நேரத்தில் ஊமை.

வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காலில் அகலமான கறுப்புத் தோல் செருப்பு. ஒடூரோ இறங்கினார். இந்த ஊரில் ஒரு பெரிய சாவு என்றால் பிணத்துக்கு அடுத்தபடியாக அவரைத்தான் தேடுவார்கள்.

"பிராகோ, சாப்பிட்டியாம்மா?" என்றார் முதல் வார்த்தையாக. "வக்கீல்கிட்ட பேசியிருக்கேன். கவலைப்படாத."

"நீங்க இருக்கீங்கன்னுதான் உயிரோட இருக்கேன் அண்ணே," என்றாள் அவள்.

ஒடூரோ டான்சோவிடம் கைகொடுத்தார். "இன்ஸ்பெக்டர், நீங்க இங்க வந்திருக்கீங்கன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. இதையெல்லாம் இங்க விட்டு வைக்கிறது ஆபத்து. என் பசங்களோட பொருள், பொறுப்பு என்னோடது. ஊருக்கு வெளிய குப்பை மேட்டுல குழி வெட்டிப் புதைச்சிடறேன். வண்டி கொண்டாந்திருக்கேன்."

டான்சோவின் முகத்தில் அத்தனை நிம்மதி. "எடுத்துட்டுப் போங்க, எடுத்துட்டுப் போங்க."

"மெதுவா ஒண்ணொண்ணா கையால எடுக்கணும்," என்றார் நியார்கோ.

"எனக்கே பாடமா?" ஒடூரோ சிரித்தார். பிக்கப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து பக்கெட்டுக்குள் விட்டு அள்ளினார். நாலைந்து பேட்டரி தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தன. ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. அதை அவசரமாகக் கொத்தி எடுக்கப் பார்த்தார்.

மண்வெட்டி முனை பேட்டரியின் வயிற்றில் இறங்கியது.

முதலில் சீறல். அடுத்து ஒரு வாசனை, தித்திப்பாக, நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல. அதற்கப்புறம் வெள்ளைப் புகை பீறிட்டது. புகைக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் நாக்கு நீண்டது. அது சமீபத்தில் போட்ட பேட்டரி போலிருக்கிறது, உயிர் இன்னும் முழுசாகப் போகவில்லை. தரையில் கிடந்தபடியே சுழன்று சுழன்று சீறி, நேராகச் சுவர் ஓரத்துக்கு உருண்டது.

அங்கே பிராகோ உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மரம், எதிரே நெருப்பு.

"தண்ணி!" என்று கத்திக்கொண்டு டான்சோ பக்கத்திலிருந்த பக்கெட்டைத் தூக்கினார்.

"அதுக்குள்ள இன்னும் பத்து பேட்டரி இருக்குய்யா!" நியார்கோ பாய்ந்து பக்கெட்டைப் பிடித்துக்கொண்டார். "டெடே, மணல்!"

நான் டிரம்மில் இரண்டு கையையும் விட்டேன். வாரினேன், வீசினேன். காற்று பாதியைத் திருப்பி என் முகத்திலேயே அடித்தது. கண் தெரியவில்லை. சீறல் வருகிற பக்கம் பார்த்து வீசினேன். அப்புறம் ஓட்டைச் சட்டி ஒன்று காலில் இடறியது, அதில் அள்ளிக் கொட்டினேன். மூன்று சட்டி மணல். நான்காவதில் சீறல் முனகலாகி அடங்கியது. பிராகோ பாவாடை ஓரம் கருகி, கால்களை மார்போடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடுதான் இருந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயில் வந்த கெட்ட வார்த்தை அத்தனையையும் எங்கள் கடலோரத்துக் கா மொழியில் சொன்னேன். அசாந்திக்காரர்களுக்குப் புரியாது.

ஒடூரோ பிக்கப்பின் பின்பக்கம் போய் அங்கிருந்த ஐஸ் பெட்டியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டையெல்லாம் கரி. இருமலுக்கு நடுவே கத்தினார்.

"பாத்தீங்களா? ஒண்ணுக்கே இந்தக் கதி! நாப்பத்துநாலும் வெடிச்சிருந்தா நாமெல்லாம் இன்னிக்கு எங்க இருந்திருப்போம்? இதைத்தான் நான் சொல்றேன், முதல்ல இதைப் புதைக்கணும்!"

நியார்கோ தன் சட்டைப் பையிலிருந்து புதுப் பல்குச்சி ஒன்றை எடுத்தார்.

"எத்தனை தலைவரே?"

"என்னது?"

"எத்தனை வெடிச்சிருந்தான்னு சொன்னீங்க?"

ஒடூரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்ஸ்பெக்டர், உங்க நோட்டுல எத்தனை?"

"நாப்பத்தெட்டு." டான்சோ மூக்கைத் துடைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். "நாப்பத்தெட்டுதான்."

"தலைவர் நாப்பத்துநாலுங்கிறார். அவர் வந்ததுலேருந்து ஒண்ணையும் எண்ணல. சுவத்துப் பக்கமும் திரும்பல. நாமளும் பேட்டரியை எண்ணல, கோட்டைத்தான் எண்ணினோம். இப்ப பொருளை எண்ணிப் பாக்கலாமா?"

எண்ணினோம். கையால், ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பக்கெட்டிலிருந்து, மண்வெட்டியிலிருந்து, டிரம் மணலைத் துழாவி. கடைசியாகக் கருகிக் கிடந்ததையும் சேர்த்து டான்சோ சத்தமாகச் சொன்னார்.

"நாப்பத்துமூணு... நாப்பத்துநாலு."

அதற்குமேல் இல்லை. டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தோம். இல்லை.

"சங்கத்துல பதினோரு பசங்க," என்றார் நியார்கோ. "ஆளுக்கு நாலு. மனசுக்குள்ள பெருக்கிப் பாத்துச் சொல்லிட்டார். பன்னண்டாவது ஆளோட நாலு இங்க வரவே இல்லைன்னு உலகத்துலயே ஒருத்தருக்குத்தான் தெரியும். தன்னோடதைத் தானே கணக்குல சேக்காம விட்டுட்டார், பாவம். வியாழக்கிழமை இவர் குடுத்ததா சுவத்துல இருக்கிற நாலும், இதே மணல் டிரம்லேருந்து இவர் முன்னாடி எடுத்துட்டுப் போனது. துடைச்சுக் கொண்டாந்து ரெண்டாவது தடவை குடுத்திருக்கார். ஒரே பேட்டரி, ரெண்டு கோடு. எழுந்திருங்க தலைவரே. அந்தப் பெட்டியை விட்டு எழுந்திருங்க."

ஒடூரோ எழுந்திருக்கவில்லை. டான்சோ போய்த் தோளைத் தொட்டதும்தான் எழுந்தார்.

நான் மூடியைத் திறந்தேன். மேலே தண்ணீர்ப் பாக்கெட்டுகள். அவற்றுக்கு அடியில் துணியில் சுற்றி மூன்று பேட்டரி. தட்டையாக, வழவழப்பாக, கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படி. எல்லாவற்றோடும் சேர்த்துக் குப்பை மேட்டில் புதைப்பதற்குத்தான் கொண்டு வந்திருக்கிறார்.

"நாலாவது ஸ்டேஷன்ல செய்தித்தாள் மேல கிடக்கு," என்றார் நியார்கோ.

ஒடூரோ தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். வெளிநாட்டிலிருந்து அம்மாவைப் புதைக்க வந்த ஒருவர். லீவு முடிகிறது, தடை முடியவில்லை. ஊருக்கு வெளியே விடிந்தும் விடியாமலும் ரகசியமாக அடக்கம். வானத்திலிருந்து படம் வேண்டும் என்றார். ஒருவர் சொல்லி இன்னொருவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வேலை. நாலாவது வாரம் யாரோ தலையை உயர்த்திப் பார்த்துவிட்டார்கள், தலைவர் ட்ரோனுக்கு மட்டும் உள்ள மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்துவிட்டது. ஐந்தாவது வாரத்துக்கு வேறு ட்ரோன் வேண்டியிருந்தது. அதற்குத்தான் வியாழக்கிழமை பேட்டரி கொடுக்கிற சாக்கில் அசாரேயின் அறைக்குள் போயிருக்கிறார். சனிக்கிழமை காற்று அதை நகரத்துக்குள் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"ஜெயிலுக்கு வேணா வரேன் இன்ஸ்பெக்டர். அரண்மனைக்கு மட்டும் தெரிய வேணாம். சங்கம் தடையை மீறாதுன்னு அங்க போய்ச் சத்தியம் பண்ணினவன் நான்."

பிராகோ எழுந்து வந்தாள். "சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தீங்களே அண்ணே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவனுக்காக ஜெபம் பண்ணினீங்களே."

டான்சோ அவரை ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினார்.

*

டான்சோ ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டார். அவர் முகம் மாறியது.

"கூட்ட நெரிசல்னு ஒரு மணிக்கே வேன் கிளம்பிடுச்சாம். துணிக்கடை வரிசைகிட்ட பொம்பளைங்க மறிச்சுட்டாங்களாம்."

ஜீப்பை நான்தான் ஓட்டினேன். போலீஸ் வண்டியை ஓட்ட எனக்கு உரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. எந்தச் சந்து, எந்த ஒருவழிப்பாதை என்றெல்லாம் என்னை இப்போது கேட்டால் தெரியாது. வழியில் ஒரு ஆட்டுக்கூட்டம் எனக்கு மரியாதையாக ஒதுங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கருகிய கடைகளுக்கு எதிரே வேன் நின்றுகொண்டிருந்தது. வேன் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது, அதைச் சுற்றி அத்தனை பெண்கள். கம்பு, செருப்பு, கல், பிடி உடைந்த கரண்டி. ஐந்து வாரம் தடையால் விற்பனை இல்லை, ஆறாவது வாரம் விற்க வைத்திருந்த சரக்கும் போய்விட்டது. அவர்கள் கோபத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. பின்கதவு திறந்து கிடந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் தொப்பி போய்ச் சட்டை கிழிந்து நின்றார்கள். பெண்கள் அசாரேயின் ஒரு காலைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் இல்லம்மா! ஆள் அவன் இல்ல!" டான்சோ தொண்டை கிழியக் கத்தினார். விசில் ஊதினார். பக்கத்தில் நின்ற என் காதிலேயே அது விழவில்லை.

நியார்கோ ஜீப்பின் பின்சீட்டுக்குத் திரும்பினார். "தலைவரே, போலீஸ் சொன்னா இவங்க கேக்க மாட்டாங்க. நீங்க போங்க."

ஒடூரோ தலையை ஆட்டினார். "எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இன்னிக்கே அரண்மனைக்குப் போயிடும்."

பிராகோ அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை.

"அண்ணே, இப்ப அவனை அடிச்சுக் கொன்னுடுவாங்க. தடை முடிஞ்சதும் அவனைப் புதைப்போம். அதுக்கும் நீங்கதான் மேல ட்ரோன் விடுவீங்களா?"

ஒடூரோ கதவின் விளிம்பைப் பிடித்தார். பிறகு இறங்கினார். இரண்டு அடி நடந்தவர் நின்று, குனிந்து, செருப்பைக் கழற்றினார். ஒன்றை, அப்புறம் இன்னொன்றை. அரண்மனையில் அரசர் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ள நிற்கிறபோதுதான் அசாந்தி ஆண் அப்படிக் கழற்றுவான். நடுத்தெருவில், மத்தியான வெயிலில், இப்படி ஒரு பெரிய மனுஷன் வெறுங்காலோடு தாரில் நடந்து வருவதை முதலில் ஒருத்தி பார்த்தாள். அவள் பக்கத்தில் நின்றவளை இடித்தாள். சத்தம் ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே போய், கடைசியில் வேனின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது.

"நான்தான்," என்றார் ஒடூரோ. "அவன் இல்ல. நான்தான் பறக்க விட்டேன்."

கம்பு வைத்திருந்த ஒரு பருத்த அம்மாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளுடைய கடை அந்த வரிசையில் முதல் கடை.

"இங்க கழட்டி என்ன பிரயோஜனம்?" என்றாள். "வா. அரண்மனைக்கு வந்து கழட்டு."

பெண்கள் வழிவிட்டார்கள். டான்சோ ஒடூரோவின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. ஆனால் ஒருத்திகூட அவர் பக்கத்திலிருந்து விலகிப் போகவில்லை, அப்படியே சூழ்ந்துகொண்டு கூடவே நடந்தார்கள்.

அசாரே வேனின் பின்படியில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து ரத்தம். போலீஸ்காரர் ஒருவர் விலங்கைத் திறந்துகொண்டிருந்தார். அவன் இறங்கி நின்றான். தார் சுட்டது போலிருக்கிறது, ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான்.

பிராகோ தெருவில் கிடந்த அந்தக் கறுப்புச் செருப்புகளை எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பியின் காலடியில் வைத்தாள்.

"அக்கா, அது தலைவரோடது."

"போட்டுக்கடா," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "கால் சுடுதுல்ல, போட்டுக்க."

அவன் போட்டுக்கொண்டான்.